பெட்டி கெடவில்லை என்றால் பெயின்ட் போதும்

தமிழ்நாட்டு நகரங்களில் அடுக்குமாடி வீடுகளோடு சேர்ந்து பரவிய மாடுலர் கிச்சன்களில் முதல் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. அடுப்புக்கு மேலே இருக்கும் கதவுகளில் தாளிப்புப் புகை படிந்து படிந்து, துடைத்தாலும் போகாத மஞ்சள் ஏறியிருக்கிறது. கைப்பிடியைச் சுற்றி மைக்காவின் பளபளப்பு தேய்ந்துபோயிருக்கிறது. அன்றைக்கு ஆசையாகத் தேர்ந்தெடுத்த அடர்சிவப்பு இன்றைக்குக் கண்ணை உறுத்துகிறது. இந்தக் குறைகளைச் சொல்லி ஆள் கூப்பிட்டால், வருகிற ஒப்பந்தக்காரர் ஒரு சுற்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துவிடலாம் என்கிறார். வீட்டுக்காரரும் வேறு வழியில்லை என்று நினைத்துச் சில லட்சங்களுக்குத் தலையாட்டிவிடுகிறார். ஆனால், அந்தக் குறைகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். அத்தனையும் கதவின் வெளிப்புறத்தில், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருப்பவை. அதற்காகப் பலகைப் பெட்டி முழுவதையும் குப்பைக்கு அனுப்புவது வீட்டுக் காசுக்கும் கேடு, ஊருக்கும் கேடு. பெட்டி உறுதியாக இருக்கும்வரை, கதவுகளைக் கழற்றிப் பட்டி பார்த்து ஸ்பிரே பெயின்ட் அடிப்பதே முதல் யோசனையாக இருக்க வேண்டும். புதிதாகச் செய்வது கடைசி யோசனை.

அலமாரியில் எது கெடும், எது கெடாது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சுவரோடு இருக்கும் பெட்டி எடையைச் சுமக்கிறது. கதவு கண்ணுக்குத் தெரிகிறது. பெட்டிக்கு எமன் தண்ணீரும் கரையானும்தான்; நிறம் அல்ல. ஐ.எஸ். 710 தரக் குறியீடு உள்ள பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கிறார்கள். அதற்குப் பிறகும் அடுக்குகள் பிரியாமல் இருந்தால்தான் அந்தக் குறியீடு கிடைக்கும். அப்படிப்பட்ட பலகையில் செய்த பெட்டி, நிறம் மங்கியதால் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. பெட்டியைச் சோதிக்க நிபுணரும் தேவையில்லை. சிங்க்குக்கு அடியில் இருக்கும் தளப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும். அமுங்கினாலோ, ஓரம் உப்பியிருந்தாலோ, அங்கே தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். பின்புறச் சுவரோரம் கரையானின் மண்கோடு இருக்கிறதா, கீல் திருகுகளை இறுக்கினால் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் கடப்பாக் கல் தட்டுகளுக்கு முன்னால் மரச்சட்டமும் கதவும் மட்டும் இருக்கும். அங்கே பெட்டி கல்லே என்பதால், சட்டத்தையும் கதவையும் தவிர மாற்றுவதற்கு எதுவுமே இல்லை.

பிரித்துப் போட்டால் போகிற பொருளின் அளவைக் கணக்கிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு எம்.டி.எஃப். பலகை ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். பிளைவுட் கொஞ்சம் குறைவு. சிறிய சமையலறைக்கு எட்டுப் பலகை என்று வைத்துக்கொண்டால்கூட, பிரித்த பிறகு தெருவுக்கு வருவது 250 முதல் 300 கிலோ குப்பை. எம்.டி.எஃப்.பும் பார்ட்டிக்கிள் போர்டும் பழைய மரம்போலக் கைமாறுவதில்லை. திருகு ஒருமுறை பிடுங்கிய இடத்தில் மறுபடி பிடிக்காது. மரத்தூளையும் நாரையும் இணைத்திருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோடு சேர்ந்து அவை மக்குவதும் எளிதல்ல. சென்னையில் இப்படிப்பட்ட குப்பை போய்ச் சேர்ந்த கொடுங்கையூரும் பெருங்குடியும் என்ன ஆயின என்பது ஊரறிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல். போகிக்குக் கொளுத்தினால் கதை இன்னும் மோசம். 2018 போகியன்று கிளம்பிய புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்துக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. பசையும் மைக்காவும் சேர்ந்த பலகையை விறகாக எரிப்பது அந்தப் புகையோடு நஞ்சையும் சேர்ப்பது. மறுபக்கம், அதே சமையலறையின் கதவுகள் மீது உலர்ந்து நிற்கும் மொத்தப் பெயின்ட்டும் சில கிலோதான்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம், "அடித்த பெயின்ட் நிற்காது, ஆறே மாதத்தில் உரிந்துவிடும்" என்பது. இது வெறும் பயமல்ல; உரிந்த கதவுகளை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். ஆனால், அவை உரிந்ததற்குப் பெரும்பாலும் காரணம் பெயின்ட் அல்ல, அதற்கு முந்தைய வேலை. மைக்கா என்பது வழுவழுப்பாகவும் எதுவும் ஒட்டாமலும் இருக்கத்தான் செய்யப்பட்டது. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், எண்ணெய் போகாது. கீறல்களுக்குள் இன்னும் ஆழமாக ஏறும். எனவே வரிசை முக்கியம். முதலில் சலவைச் சோடாவோ பாத்திரம் கழுவும் திரவமோ கலந்த வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். பிறகு 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் சாகும்வரை தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்த பின், வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் தனி வகைப் பிரைமர் ஒரு பூச்சு. அதன்பின் பள்ளம் மேடுக்குப் பட்டி, மறுபடி 320 அல்லது 400 எண் தாள், அப்புறம்தான் நிறம். கதவைக் கழற்றாமல், கீலையும் கைப்பிடியையும் தாளால் மூடிவிட்டு ஒரே நாளில் அடித்து முடிக்கிறேன் என்கிற ஆள், இந்த வரிசையில் பாதியைத் தாண்டிக் குதிக்கப் போகிறார் என்றே பொருள்.

வேலை சரியாக நடந்ததா என்று வீட்டுக்காரரே சோதித்துவிடலாம். பெயின்ட் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு சோதனை இருக்கிறது. எல்லாக் கதவுகளுக்கும் அடிப்பதற்கு முன்னால், ஒரு கதவின் உட்புற மூலையில் மட்டும் பிரைமரும் நிறமும் அடித்து ஒரு வாரம் விட வேண்டும். பிறகு கூரான பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டி இன்னும் ஆறு கோடுகள் கீற வேண்டும். இருபத்தைந்து சிறு சதுரங்கள் கிடைக்கும். அதன்மேல் நல்ல பிடிப்புள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்க வேண்டும். சதுரங்கள் அப்படியே நின்றால் பெயின்ட் நிற்கும். டேப்போடு சில்லுச் சில்லாக வந்தால், பரப்பில் இன்னும் பிசுக்கோ பளபளப்போ இருக்கிறது. அல்லது பிரைமர் பொருந்தவில்லை. ஒரு மூலையைப் பழுதுபார்க்கும் செலவில் முழுச் சமையலறையின் தலைவிதி தெரிந்துவிடுகிறது. புது அலமாரிக்கு முன்பணம் கொடுக்கும்போது இப்படி ஒரு முன்சோதனை எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை.

அடுத்து, எந்த ஸ்பிரே என்ற கேள்வி. இணையக் காணொளிகளில் காட்டப்படும் டப்பா ஸ்பிரேயை நம்பி இறங்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1949இல் அமெரிக்காவில் எட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி உருவாக்கிய இந்த டப்பா, சிறிய பொருள்களுக்கு அருமையானது. ஆனால் 400 மில்லி டப்பாவில் பெரும்பகுதி, பெயின்ட்டை வெளியே தள்ளும் வாயுவும் ஆவியாகிவிடும் கரைப்பானும்தான். ஒரு டப்பா சுமார் பன்னிரண்டு சதுர அடிக்கு ஒரு பூச்சு வரும். பதினைந்து கதவுகள், கதவுக்கு நான்கு சதுர அடி என்றால் முன்பக்கம் மட்டும் 60 சதுர அடி. பிரைமர், நிறம், மேல்பூச்சு என்று ஐந்து பூச்சுக்கு 300 சதுர அடி. அதாவது இருபத்தைந்து டப்பா. பின்பக்கத்தையும் சேர்த்தால் ஐம்பது. இதற்கு ஆகும் காசில் கம்பிரசரும் ஸ்பிரே துப்பாக்கியும் வைத்திருக்கும் தேர்ந்த பெயின்டரையே கூப்பிட்டுவிடலாம். டப்பாவிலிருந்து வரும் வாயு பெரும்பாலும் எரிவாயு வகை என்பதையும் மறக்கக் கூடாது. மூடிய சமையலறையில், எரியும் அடுப்புக்கும் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் பக்கத்தில் நின்று டப்பா டப்பாவாக அடிப்பது தீயோடு விளையாடுவது. கைப்பிடிகள், அஞ்சறைப் பெட்டி வைக்கும் சின்னத் தட்டு, ஒற்றைக் கதவு ஆகியவற்றுக்கு டப்பா போதும். முழுச் சமையலறைக்குத் துப்பாக்கியே சரி. அதிலும் குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் எச்.வி.எல்.பி. வகை மேல். பழைய துப்பாக்கியில் பாதிக்கும் மேற்பட்ட பெயின்ட் பொருளின் மேல் படாமல் காற்றில் போகிறது. இந்த வகையில் குறைந்தது 65 சதவீதம் பரப்பில் சேர வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் விதி.

செலவைப் பற்றிப் பேசும்போது நேர்மையாக இருக்க வேண்டும். தரமான பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் வேலை மலிவானதல்ல. சதுர அடிக் கணக்கில் பார்த்தால் சாதாரண மைக்கா ஒட்டுவதைவிட அதிகமாகவே வரும். இதைக் காட்டி, "இவ்வளவு கொடுப்பதற்குப் புதுசே போட்டுவிடலாமே" என்று வாதாடுகிறார்கள். இங்கே ஒப்பீடு தவறுகிறது. பெயின்ட்டை ஒப்பிட வேண்டியது மைக்காவோடு அல்ல. பலகை, பெட்டி, கீல், தண்டவாளம், பொருத்தும் கூலி, பழையதை இடித்து அகற்றும் கூலி, இடிக்கும்போது உடையும் சுவர் டைல், கிரானைட் மேடையைத் தூக்கி வைக்கும் அபாயம் ஆகிய அனைத்தின் கூட்டுத்தொகையோடு. அந்த வேலை நடக்கும் வாரங்களில் வீட்டுச் சமையல் நின்றுபோவதும் செலவுதான். பெயின்ட்டுக்குக் கதவுகள் மட்டுமே வெளியே போகின்றன. திறந்த பெட்டிகளோடு அடுப்பு வழக்கம்போல எரியும். செலவு கையைக் கடித்தால் முன்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து, உட்புறத்தைக் கழுவிவிட்டு அப்படியே விடலாம். பெட்டியை வைத்துக்கொண்டு கதவுகளை மட்டும் புதிதாகச் செய்வதும் இன்னொரு நடுவழி.

மூன்றாவது ஆட்சேபம் உடல்நலம் பற்றியது. சாப்பாடு சமைக்கும் இடத்தில் ரசாயனம் தெளிப்பதா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால், புதுப் பலகை ரசாயனம் இல்லாத பொருள் என்று நினைப்பதில் நியாயமில்லை. எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு, மலிவு பிளைவுட் ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சேர்த்தது. இந்தக் கசிவு பலகை புதிதாக இருக்கும்போதுதான் அதிகம். ஆண்டுகள் போகப்போகக் குறையும். பதினைந்து வயதான பெட்டி தன் கசிவில் பெரும்பங்கை எப்போதோ முடித்துவிட்டது. அதை எறிந்துவிட்டுப் புதியதைக் கொண்டுவருவது அந்தக் கசிவை முதலிலிருந்து தொடங்கிவைப்பது. பெயின்ட்டின் நெடியோ சில நாள்களில் அடங்கக்கூடியது. கதவுகளை வீட்டுக்கு வெளியே, பட்டறையிலோ மொட்டைமாடியிலோ அடித்து, முழுதாக இறுகும்வரை ஒரு வாரம் அங்கேயே வைத்துவிட்டு மாட்டினால் சமையலறைக்கு வரும் நெடி மிகக் குறைவு. தண்ணீர் கலந்து அடிக்கும் வகைப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கினால் நெடி இன்னும் குறையும்.

உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்காரருக்கு நெடி ஒரு வாரம். பெயின்டருக்கு அது வாழ்நாள். கடினமாக இறுகும் பி.யூ. பெயின்ட் இரண்டு பாகமாக வருகிறது. இரண்டாவது பாகமான ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம் இருக்கிறது. துப்பாக்கியிலிருந்து பனிப்படலமாக வெளிவரும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் அறியப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று இது. ஒருமுறை உடம்பு இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறு அளவு பட்டாலும் மூச்சு முட்டும். அந்த ஆள் அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். இந்த ரசாயனத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கொண்ட பொருள்களைத் தொழிலில் பயன்படுத்துபவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட் 24 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊரில் அதே வேலையைச் செய்யும் இளைஞர் முகத்தில் கட்டியிருப்பது ஒரு கைக்குட்டை. துணி, ஆவியைத் தடுக்காது. மருத்துவமனை முகக்கவசமும் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகமூடி குறைந்தபட்சத் தேவை. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி அதைவிட மேல். ஸ்பிரே பெயின்ட்டைப் பரிந்துரைக்கும் எவரும் இதைச் சொல்லாமல் விட்டால், வீட்டுக்காரரின் லாபத்தைப் பெயின்டரின் நுரையீரலிலிருந்து எடுக்கச் சொல்கிறார் என்றே அர்த்தம்.

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016இல் அறிவித்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதிலிருந்து சமையலறைக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, அதற்கு முன்பு எனாமல் அடித்த பழைய மரக்கதவிலும் இரும்பு அலமாரியிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அவற்றைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர்த்தாள் கொண்டு ஈரத்தோடு தேய்த்து, குழந்தைகளை அருகில் விடாமல், வழித்த சேற்றைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். இரண்டு, அந்த விதியின் வரம்பு வீட்டுப் பெயின்ட்டோடு நின்றுவிடுகிறது. வாகனத்துக்கும் இயந்திரத்துக்கும் செய்த பெயின்ட் அதில் வராது. பளபளப்புக்காக வண்டிப் பட்டறைப் பெயின்ட்டைச் சமையலறைக் கதவில் அடிக்கும் வழக்கம் நம் பெயின்டர்களிடம் உண்டு. டப்பாவில் வீட்டு உபயோகம் என்றும், ஈயம் வரம்புக்குள் இருக்கிறது என்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். ஒரே பெயின்ட் இரண்டு இடத்திலும் புழங்கும் நாட்டில், விதியை மட்டும் ஓரிடத்தில் நிறுத்துவது அரசு சரிசெய்ய வேண்டிய ஓட்டை.

எல்லாவற்றுக்கும் பெயின்ட்டே மருந்து என்று சொல்வதும் தவறு. தண்ணீர் குடித்து உப்பிய பார்ட்டிக்கிள் போர்டு, எத்தனை பட்டி பார்த்தாலும் மறுபடி உப்பும். அதை மாற்றத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் கரையானுக்குப் பயந்து பலரும் போட்டிருக்கும் பி.வி.சி. கதவுகளில் சாதாரணப் பெயின்ட் நம்பிக்கையாக ஒட்டாது. கடுமையான கரைப்பான் பட்டால் பிளாஸ்டிக்கே இளகக்கூடும். எம்.டி.எஃப். மேல் பிளாஸ்டிக் தோல் ஒட்டிய கதவில் அடுப்புச் சூட்டால் தோல் உரிந்திருந்தால், அந்தத் தோலை முழுதாக நீக்கிய பிறகே பெயின்ட் அடிக்க முடியும். அடுப்பை ஒட்டிய கதவுகளில் எந்த வெளிர்நிறமும் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் மங்கும். சமையலறையின் அமைப்பே தவறு, அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே நிற்க இடமில்லை, வயதானவர் கைக்குத் தட்டு எட்டவில்லை என்றால் பெயின்ட் எதையும் தீர்க்காது. அங்கே புதிதாகச் செய்வதே முறை. ஆனால் மெதுவாக மூடும் கீல், முழுதாக வெளியே வரும் இழுப்பறை வேண்டும் என்பதற்காகப் பெட்டியை உடைக்க வேண்டியதில்லை. அவை எல்லாம் பழைய பெட்டியிலும் பொருத்தக்கூடியவை.

தச்சர்களின் பிழைப்பு என்ன ஆவது என்றும் கேட்கிறார்கள். புதுச் சமையலறைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பலகைக்கும் உலோகப் பாகங்களுக்கும் போகிறது. அந்தப் பலகை பெரும்பாலும் கேரளத்தின் பெரும்பாவூரிலோ ஹரியாணாவின் யமுனா நகரிலோ உருவானது. வெட்டி ஒட்டுகிற வேலையும் இப்போது தொழிற்சாலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. பழுதுபார்க்கும் வேலையில் பொருளைவிடக் கைக்கே கூலி அதிகம். கழற்றுவது, உப்பிய ஓரத்தை வெட்டிச் சேர்ப்பது, கீல் துளையை அடைத்துத் திரும்ப முடுக்குவது, தேய்ப்பது, பட்டி பார்ப்பது, அடிப்பது எல்லாம் உள்ளூர்த் தச்சரும் பெயின்டரும் செய்பவை. ஸ்டீல் பீரோவுக்கும் இரும்பு கேட்டுக்கும் பெயின்ட் அடித்து வாழும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. சமையலறைக் கதவு அவர்களுக்குக் கைவராத வித்தை அல்ல. நாம் கேட்காததால் அவர்கள் செய்யவில்லை.

ஆகவே ஒப்பந்தக்காரர் அளவெடுக்கும் நாடாவை நீட்டுவதற்கு முன்பு, வீட்டுக்காரர் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும்: பெட்டி உறுதியாக இருக்கிறதா? கதவு என்ன பொருளில் ஆனது? என் புகார் நிறத்தைப் பற்றியதா, அமைப்பைப் பற்றியதா? முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்குப் பி.வி.சி. தவிர வேறொன்று என்றும், மூன்றாவதற்கு நிறம் என்றும் விடை வந்தால், புதிய அலமாரிக்குக் காசு கொடுக்காதீர்கள். நல்ல பெயின்டரைத் தேடுங்கள். கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் நாள் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். மூலையில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு முகமூடி வாங்கும் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.